மூன்றாவது முயற்சி, இரண்டு கஜம்

சங்கிலியின் முன்கம்பு என் கையில்.
கூலி இருபது பவுண்டும் ஒரு சீஸ் பேஸ்ட்ரியும்.
ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது.
கம்புக்குக் கட்சி கிடையாது என்று
கோட்டோர நடுவர் ஆஸ்பால்டெஸ்டன்
காலையிலேயே சொல்லிவிட்டார்.

லங்காஸ்டர். பிப்ரவரி. ஞாயிறு.
பல்கலைக்கழக மைதானத்துக்குப் பின்னால், நெடுஞ்சாலையில்,
லாரிகள் மழையை உழுதுகொண்டு போகின்றன.
அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள்
பதினான்கு பேர், ஒரு நாய்.
பதினான்கு பேரும் பயிற்சியாளர்கள்.
நாய் மட்டும் பார்வையாளர்.

சம்பளமில்லாத அசல் பயிற்சியாளர் எதிர்க்கரையில் நிற்கிறார்.
ட்விக். வாரநாட்களில் குளியலறைக்கு ஓடு பதிப்பவர்.
அவருக்குத் தெரிந்த ஆட்டம் நாலு,
அதில் மூன்று ஆப்ஷன் என்கிறார்கள்.

ஆப்ஷன் என்றால்,
எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவது.
அவன் தோள் உன்னை நோக்கித் திரும்பினால்
பக்கத்தில் ஓடுபவனிடம் பந்தை எறி.
தோள் அவன் பக்கம் சாய்ந்தால் நீயே வைத்துக்கொண்டு ஓடு.
யோசிக்க ஒரு கண்சிமிட்டு.
குறை சொல்ல ஒரு வாரம்.

"மறுபடியும் அதேவா!"
கயிற்றில் சாய்ந்து கத்துகிறார் குவாட்டர்பேக் ரோரியின் அப்பா.
பேரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தவர்.
அவன் எறியவே கூடாது அவருக்கு.
ஃபெமியின் காதலிக்கோ அவன் எப்போதும் எறிய வேண்டும்,
ஃபெமியிடம்.
பிளாஸ்க் வைத்திருக்கும் இயற்பியல் விரிவுரையாளர்
இது கற்கால ஆட்டம் என்று
கற்காலத்துக் குரலில் சொல்கிறார்.

நான் திருவாரூரிலிருந்து புள்ளியியல் படிக்க வந்தவள்.
பேருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் குறித்துவைத்திருக்கிறேன்:
இந்தப் பருவத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஆப்ஷன்,
சராசரி நாலேகால் கஜம்.
சொன்னால் யார் கேட்பார்கள்?
சராசரிக்கு முகமில்லை.
போன வாரம் பின்னால் விழுந்த ஒன்பது கஜத்துக்கு
மூக்கு வரைக்கும் சேறு இருந்தது.
எனக்கும் அதுதான் ஞாபகம் வருகிறது.

மூன்றாவது முயற்சி, இரண்டு கஜம்.
ரோரி வைத்துக்கொண்டான்.
விழுந்தான்.
சங்கிலியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள்.
இருபத்திரண்டு பேர் மூச்சில் ஆவி பறக்க
நான் நடந்துபோய்க் கம்பை ஊன்றினேன்.
பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவே
நாலு விரற்கடை.
என் விரல்தான்; குளிரில் நீலமாக இருந்தது.

"எறிந்திருக்கலாமே!" என்றவர் யார் தெரியுமா,
ரோரியின் அப்பா.
நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

உதைத்து அனுப்பிவிடு என்று பதினான்கு வாயும் சொல்ல
ட்விக் இரண்டு விரலைக் காட்டினார்.
அதே ஆட்டம்.
வென்றால் துணிச்சல், தோற்றால் மண்டைக்கனம்,
இரண்டு சொல்லும் கயிற்றோரம் தயாராக நின்றன.

ரோரி வலப்பக்கம், என்னை நோக்கியே ஓடி வருகிறான்.
தடுக்காமல் விட்ட அந்தத் தடியனின் தோள் திரும்புகிறது,
திரும்பிவிட்டது, எனக்கே தெரிகிறது,
"கொடு!" என்றேன்.
இரண்டு வருடத்தில் அந்த மைதானத்தில்
நான் சத்தமாகச் சொன்ன முதல் தமிழ்ச்சொல்.

ஆஸ்பால்டெஸ்டன் 'குட்' என்று கேட்டிருப்பார் போல.
"எது குட்?" என்று முறைத்தபடி
சரியாக என் முன்னால் வந்து நின்றார்.
அவர் முதுகு. கோடு போட்ட சட்டை. ஈரம்.
அதற்கு அப்பால் பந்து தரையில் பட்ட சத்தம்,
யாரோ சறுக்கிய சத்தம்,
கொஞ்ச நேரம் வெறும் லாரிகள்.

பிறகு ரோரியின் அப்பா:
"முதலிலிருந்தே இதைத்தான் சொன்னேன்!"

முகம் முழுக்கச் சேறாய் ஃபெமி எழுந்தான்,
பந்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு,
என் கம்பைத் தாண்டி ஒரு முழம்.

அடுத்த பத்து கஜத்துக்குக் கம்பைப் பிடுங்கி நடந்தேன்.
பேஸ்ட்ரி கொடுப்பார்களோ மாட்டார்களோ.
பின்னால் விரிவுரையாளர் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்,
இனியாவது வேறு ஏதாவது ஆடுவார்களா என்று.