எருமை இருக்கிறதா

செக்கானூரணிக் கிளை.
வசூல் தொண்ணூற்றொன்பது சதவீதம்.
கேக் வெட்டினோம்.

மொக்கத்தாய் ஒரு தவணையும் தவறியதில்லை.
"எருமைய வித்துல்ல சார் கட்டுது"
என்றார் ஜீப் ஓட்டும் ஒச்சப்பன்.

எருமை வாங்கத்தான் கடன் கொடுத்தோம்.

நான் உள்ளே கையெழுத்து வாங்கிய நேரமெல்லாம்
அவர் வெளியே
வெறுங் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

காளவாசல் தலைமையகக் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
ஏசி மட்டும் பேசியது.
கணக்குப் பார்க்கும் பாக்கியமேரிதான் எழுந்து
படிவத்தின் ஓரத்தில்
ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டார்:
'எருமை இருக்கிறதா?'

இப்போது ஒச்சப்பனும் இறங்கி வருகிறார்,
காதில் செருகிய பேனாவோடு.
எழுத்துக் கோணல். மாட்டின் நிறம்கூட எழுதுகிறார்.
மொக்கத்தாய் பெயருக்கு நேரே மட்டும்
'இல்லை',
தாள் கிழிய ஓர் அடிக்கோடு.

இந்த மாத வசூல் தொண்ணூற்றாறு.
யாரும் திட்டவில்லை,
இதுவரை.