காரை

கணேசபுரம் சுரங்கப்பாதை தாண்டி, மருந்துக்கடை மாடியில்
என் கிளினிக். ராத்திரி ஒன்பதரை.
பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து
உள்ளே வந்தார் தணிகாசலம்.
துப்பினால் சிவப்பாக வருகிறதாம், ஆறு மாசமாக.
"வலி இல்ல மேடம். வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேன்."

விளக்கைத் திருப்பினேன்.
கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம்,
நாக்கு மட்டுமே அறிந்த பக்கம்,
ஒரே சுவர்.
எச்சிலில் சுண்ணாம்பு இருக்கிறது.
அழுக்கின்மேல் படியும், இறுகும்,
இறுகியதன்மேல் மறுபடி அழுக்கு.
கொத்தனார் வேண்டாம். தூங்கும்போதும் வேலை நடக்கும்.

பீடி?
"தொட்டதில்ல."
பாக்கு?
"ஐயே."
பிறகேன் இவ்வளவு கருப்பு என்று கேட்கவில்லை.
படிவத்தில் 'புகை: இல்லை' என்றெழுதி
பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இந்த வேலையில் ஒட்டிக்கொள்ளும் கெட்ட புத்தி,
வாய் சொல்வதைவிட
வாய்க்குள் இருப்பதை நம்புவது.

என்னோடு படித்த நஸ்ரின், தரமணியில் ஒரு லேபில்
தாழிகளில் எடுத்த பற்களைச் சுரண்டுகிறாள்.
அவளுடைய நோயாளிகள்
வலிக்கிறதென்று கையைத் தூக்குவதில்லை.
குருணையளவு கல்லைக் கரைத்தால் போதுமாம்:
ஏதோ தினையின் மாவுத்துகள், அடுப்புக்கரி,
கடித்து அறுத்த நூலின் நார்,
ஈறைத் தின்ற கிருமியின் மிச்சம்.
நான் தினம் பார்க்கும் கிருமிக்கு அது பங்காளி முறை.
பேர் போய்விட்டது, ஊர் போய்விட்டது,
பல்லிடுக்கில் மாட்டிய கஞ்சி போகவில்லை.
ஒருத்திக்கு இடப்பக்கம் மட்டும் கல் மண்டியிருந்ததாம்.
அந்தப் பக்கம் ஆழமாய் ஒரு சொத்தை.
வலப்பக்கமாகவே மென்றிருக்கிறாள்
எத்தனையோ வருஷம்,
யாரிடமாவது சொன்னாளா என்பது மட்டும்
கல்லில் இல்லை.

ஸ்கேலர் கீச்சிட்டதும், வாயில் குழாயோடு
தணிகாசலம் சிரித்தார். நிறுத்தினேன்.
"நம்ம மிஷினும் இப்டித்தான் கத்தும் மேடம். கொஞ்சம் பெருசு."

ராத்திரியில் ரோடு சுரண்டுகிறவர்.
மேலே மேலே தார் போட்டு
வாசற்படிகள் பள்ளத்துக்குப் போன தெருக்களில்
பழசைப் பெயர்த்துத் தருகிறவர்.
"ஒரு தெருவுல வெட்னா ஏழு ரோடு வருது.
எலெக்‌ஷனுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு.
நாலாவதுல ஒரு கொழந்த செருப்பு,
வாரு கூட அறுந்துபோவல."

மிஷினுக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம்
தார் காய்ச்சினாராம்.
பீப்பாய் பக்கத்திலேயே சோறு.
"கைய மட்டும் மண்ணெண்ணெயில கழுவிக்குவோம்."

பேனாவை எடுத்து
கேள்விக்குறியை அடித்தேன்.

அப்புறம் முக்கால் மணி நேரம் பேச்சில்லை.
உமி உமியாய், சிலசமயம் ஓடு ஓடாய்
பெயர்ந்து விழுந்தது பஞ்சில்.
ரேஷன் அரிசி, பதினோரு மணி டீ, கேன் தண்ணீர்,
வடசென்னைக் காற்று,
எது எந்த அடுக்கென்று என் கண்ணுக்குத் தெரியாது.
ரத்தம் நிற்க நேரமெடுத்தது.
சுகர் பார்த்ததுண்டா என்றேன்.
"அது பணக்கார வியாதியாச்சே."
வெறும் வயிற்றில் என்று அடிக்கோடிட்டு
சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

கொப்பளித்தார். நாக்கால் தடவினார். முகம் மாறியது.
"இன்னா மேடம், ஓட்ட ஓட்டயா கீது. காத்து போவுது."
அதுதான் உங்க பல்லு என்றேன்.
கொஞ்சநேரம் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.
"நாங்க வெட்டி வச்சாலும் ஜனம் இதத்தான் கேக்கும்,
எப்பய்யா மூடுவன்னு."

பதினொன்றுக்கு ஓட்டேரியில் வேலை. போய்விட்டார்.
பஞ்சை மஞ்சள் பையில் போடும்முன்
ஒரு துண்டை நகத்தில் வைத்துப் பார்த்தேன்.
நஸ்ரினுக்கு அனுப்பலாமா?
இன்னும் செத்தவன் இல்லையே என்பாள்.

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு
நாற்காலி விளக்கை மட்டும் விட்டு
சின்னக் கண்ணாடியை என் வாய்க்குள் திருப்பினேன்.
இடப்பக்கம் சுத்தம்.
வலப்பக்கம்தான்.