நான்காம் தொட்டி

இரவுப் பணி. கான் ஆற்றில்
மணல் படகுகள் விளக்கை அணைக்காமல் உறங்குகின்றன.
தொட்டியின் கண்ணாடித் துளையில்
நெற்றியை வைத்துப் பார்க்கிறேன்:
இருபதாயிரம் லிட்டர் கூழ்,
நான்கு நாள் வயது,
ஈரச் சாக்கின் வாடை.

பூஞ்சைக்கு முதலில் விருந்து.
சோளம் ஊறிய நீர், கடலைமாவு, சர்க்கரைப் பாகு.
தின்று தின்று நூல்நூலாய்க் கொழுக்கும்.
ஒரு சொட்டும் தராது.
தழைச்சத்து தீர்ந்து
வயிறு ஒட்டிய பிறகுதான்
எங்களுக்கு வேண்டியதைச் சுரக்கும்.
ஆகவே என் உத்தியோகம் இது:
சாகாத அளவுக்குப் பட்டினி போடுவது.
மணிக்கொரு முறை புளிப்பை அளந்து
குழாயை மயிரிழை திறந்து, மூடுவது.

போன மாதம் சென் வெய்ஃபு கண்ணயர்ந்து
தழைச்சத்தைக் கூட்டிவிட்டான்.
விடிந்தபோது தொட்டி நிறையப் பூஞ்சை.
மருந்து, மருந்துக்கும் இல்லை.
மேலாளர் ஒரு வார்த்தை திட்டவில்லை.
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

வடித்து, பிரித்து, உலர்த்தினால்
வெள்ளைப் பொடி; உப்பென்று நினைப்பீர்கள்.
சிட்டிகை சிட்டிகையாய்ப் பொட்டலம் கட்டி
மேற்கே துர்ஃபான் தோட்டங்களுக்கு ரயிலேற்றுகிறோம்.
அங்கே குவளையில் கரைத்து
ஒவ்வொரு திராட்சைப் பிஞ்சுக் குலையையும்
முக்கி எடுப்பார்களாம்.
நான் கண்டதில்லை.
கண்டது சந்தையில்:
கட்டைவிரல் பருமன், விதையில்லாமல்.
விலை கேட்டேன். முள்ளங்கி வாங்கி வந்தேன்.

பதினொரு மணிக்குத் தம்பி அழைத்தான்.
“நாற்றங்காலில் சில நாற்று மட்டும்
மற்றதைவிட ஒரு சாண் உயரம், அக்கா.
முதலில் சந்தோஷப்பட்டேன்.”
படம் அனுப்பினான்.
வெளிறி, ஈர்க்காய், கழுத்தை நீட்டிக்கொண்டு.

எனக்குத் தெரிந்த முகம்.
கெட்ட நாற்று என்பார்கள் எங்கள் பக்கம்.
ஓங்கி ஓங்கி, கதிர் பிடிக்காமல் சாயும்.
அதே பூஞ்சை, அதே சுரப்பு.
அவன் வயலில் நோய்,
என் தொட்டியில் மகசூல்.

தாஷான் எதையும் நேராகக் கேட்கிறவன் இல்லை.
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
“புத்தாண்டுக்கு வந்தபோது அந்த நீல அங்கியை
நம் வாய்க்காலில்தானே அலசினாய்?”

விதையோடு வருவது அது என்றேன்.
ஊறவைத்தாயா, மருந்து நீரில்?
“போன வருஷத்து மிச்ச விதை. இல்லை.”
எனக்கு மூச்சு திரும்பியது.
திரும்பிய மூச்சுக்கு வெட்கமாகவும் இருந்தது.

பிடுங்கி எரித்துவிடு, என்றேன்.
கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.
“நூறு இருக்கும்,” என்றான். “சரி.”
வைப்பதற்கு முன் சொன்னான்:
“காற்று வந்தால்
அதுதான் முதலில் அசைகிறது.”

பன்னிரண்டு. ஒன்று. மாதிரி எடுத்தேன்.
இரண்டு மணிக்கு, யாரும் பார்க்காதபோது,
அங்கியைக் கழற்றிக்
குடுவைகளோடு நீராவிக் கலத்தில் அடைத்தேன்.
நூற்று இருபத்தோரு பாகை, இருபது நிமிடம்.
வாய்க்கால் தண்ணீர் எப்போதோ போய்விட்டது.
தெரியும்.
ஆனாலும் முள் ஏறி இறங்கும் வரை
பனியனோடு குளிரில் நின்றேன்.

மூன்று மணி மாதிரி: சுரப்பு கூடியிருக்கிறது.
பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
வழக்கமாக எழுதுவதை எழுதினேன்:
வளர்ச்சி நன்று.