விளிம்பு

சனிக்கிழமை இரவு, சஜா கேம்ப்,
பி பிளாக், இருநூற்றுப் பதினாறு.
மேல்கட்டிலிலிருந்து திபாகர் டேப்லெட்டை நீட்டினான்.
இந்த ரூமில் நீ ஒருத்தன்தான் இன்னும் ஆடவில்லை.

ஒரு புல்வெளியில் இறக்கிவிட்டார்கள்.
மெடிக்கல் இல்லை, கைரேகை இல்லை,
என்ன வேலை என்று சொல்லவும் ஆளில்லை.
சூரியன்கூடச் சதுரம்.

மரத்தைக் குத்து என்றான்.
கையுறை? என்றேன்.
ஆறு கட்டிலும் சிரித்தன.
பதினோரு வருடம் பச்சை ஹெல்மெட் போட்ட சேஃப்டி ஆபீசர்
வெறுங்கையால் குத்தினேன்.
அடிமரம் போன பின்னும்
மேல்பாதி அந்தரத்தில் அப்படியே நின்றது.
கீழே நிற்காதே, நகரு, நகரு என்று
எனக்கே கத்தினேன்.
விழாது, என்றான்.
இங்கே மணலும் சரளையும்தான் விழும்.

மணல் விழும்.
அது எனக்குத் தெரியும்.
ஜன்னல் இடுக்கில் துணி திணித்தும்
தலையணைக்கு வந்து சேர்வதைத் தட்டிவிட்டு
தோண்ட ஆரம்பித்தேன்.

பத்தே நிமிடத்தில் பகல் முடிந்துவிட்டது.
என்னவோ உறுமிக்கொண்டு வந்தது.
மலையில் ஒரு பொந்து குடைந்து
வாயை மண்ணால் அடைத்துக்கொண்டேன்.
காற்றோட்டமில்லாத அடைந்த இடம்.
பெர்மிட் இல்லை.
வெளியே காவலுக்கு ஆளில்லை.
விளக்கும் இல்லை.
என் மேலேயே எத்தனை நோட்டீஸ் எழுதலாம் என்று
விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் கோபுரம்.
ஏன் கோபுரம் என்று கேட்காதீர்கள்,
கட்டை கிடைத்தால் இந்த ஊரில் கை மேலேதான் போகும்.
காலடியில் ஒன்று வைத்து ஒரு துள்ளல்,
இன்னொன்று வைத்து ஒரு துள்ளல்.
இருபத்து மூன்றாவதில்
சுற்றிப் பார்க்க ஒரு எட்டு வைத்தேன்.

பெரிய சத்தம் இல்லை.
குச்சி ஒடிவதுபோல் ஒரு நறுக்.
திரை சிவந்தது, மறுபடி எழு என்று ஒரு பொத்தான்.
அழுத்தினால் அதே புல்வெளி, கை காலி.
ஓடு, என்றான் திபாகர்,
உன் சாமானெல்லாம் விழுந்த இடத்தில் கிடக்கும்.
ஐந்து நிமிடம்தான். அப்புறம் மறைந்துவிடும்.

ஓடினேன்.

போன மார்ச்சில் நான்காம் தளத்து விளிம்பில்
இருதயசாமி.
பட்டியல் எழுதியது நான்.
போன் ஒன்று, கண்ணாடி உடைந்தது, ஆனால் அடித்துக்கொண்டிருந்தது.
மாரி பிஸ்கட், அரைப் பாக்கெட்.
இடது பூட்.
எக்ஸ்சேஞ்ச் ரசீது, அறுநூறு திர்ஹாம்.
ஐந்து நிமிடத்தில் எதுவும் மறையவில்லை.
மூன்று மாதம் என் மேசைக்குக் கீழே
ஒரு ஏசி அட்டைப்பெட்டியில் இருந்தது.
கால் நீட்டினால் இடிக்கும்.

கோபுரத்தடியில் என் பதினான்கு கட்டைகளும்
ஒரு ஆப்பிளும்
மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.
பக்கத்தில் போனதும் தானாக என்னிடம் வந்தன.

இதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று
ஓரத்தில் ஒரு பொத்தானைக் காட்டினான்.
இதை அமுக்கினால் குனிவாய்.
குனிந்திருக்கும்வரை விளிம்பில் விழமாட்டாய்.
எப்போதுமா?
எப்போதும்.
சும்மா சொல்லாதே.
ஏறிப் பாரேன்.

ஏறினேன். குனிந்தேன்.
பாதி உடம்பு வெளியே, கீழே இருபத்து மூன்று கட்டை உயரம்.
விழவில்லை.
இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.
விழவில்லை.
கட்டைவிரல் நகமளவுகூட இல்லை அந்தப் பொத்தான்.

திபாகர் தூங்கிவிட்டான்.
மணி இரண்டு நாற்பது, சார்ஜ் பதினொன்று.
நாலு பலகை, இரண்டு குச்சி, மூன்று வேலி.
ஆடுமாடு அடைக்கத்தான் அது என்றார் கீழ்க்கட்டில் கஃபூர்,
கண்ணைத் திறக்காமலே.
தெரியும் பாய் என்றேன்.
கோபுர உச்சியில் நாலு பக்கமும் போட்டேன்.
நான் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிப் போட்டேன்.
அப்புறம் அந்த மலை விளிம்பு,
நான் கட்டாதது, யாரும் வராதது,
அதன் நீளத்துக்கு.

பாதியில் ஒரு பன்றி வந்தது.
வேலியில் மூக்கை வைத்து
கொஞ்ச நேரம் கீழே பார்த்தது.
பிறகு வந்த வழியே போனது.