பன்னிரண்டில் ஓர் இருமல்

என் டாக்ஸியின் கேசட் பெட்டி
பதினோரு வருடமாய் வாய் திறக்கவில்லை.
உள்ளே வல்லூறு சிக்கியிருக்கிறான்.
ஹெரெஸ் நகரத்தில் அவனுக்கு அதுதான் பெயர்.
என் அப்பாவின் கணக்கு நோட்டில் வேறு:
'கோவேறு கழுதை ஒன்று,
பாக்கி நாற்பதாயிரம் பெசெத்தா.'

மேஜையில் யாரோ விரல்முட்டியால் தட்டுவார்கள்.
கிதார் காத்திருக்கும்.
வல்லூறு ஒருமுறை இருமுவான்.
அப்புறம் அந்த 'ஆய்',
சொல்லாக மாற மனமில்லாத ஒலி,
ஈர மரத்தில் ரம்பம் மாட்டிக்கொண்டதுபோல.

எனக்கு அவனைப் பிடிக்காது.
ஆனாலும் சந்தியாகோ பேட்டைச் சந்துகளில் வண்டி திரும்பும்போது
ஸ்டியரிங்கில் என் கட்டைவிரல் தட்டும்:
மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு.
கடன்காரன் பாட்டுக்குக்
கை அதன்பாட்டுக்குத் தாளம் போடும்.

பிப்ரவரி மழையில் ரயிலடியில் ஏறினான் எலாதியோ,
பதஹோஸ்காரன்.
கழுத்தில் ஹெட்ஃபோன்,
மடியில் பொத்தான்கள் முளைத்த ஒரு பெட்டி.
'நிறுத்துங்கள், சென்யோரா!'
பிரேக் போட்டேன்.
'காரை இல்லை. வைப்பரை.'

கண்ணாடி முழுக்க மழை வழிய
ஸ்பீக்கருக்கு அருகே போனை நீட்டிக்கொண்டு
மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான்.
'இந்த இருமலை எடுத்துக்கொள்ளவா?'
'பாட்டு?'
'பாட்டு அவருடையது. இருமல் போதும்.'
பதினாலு யூரோ வாங்கிக்கொண்டேன்.
காத்திருந்ததற்குத் தனியாக இரண்டு.

ஜூனில், சான்லூகார் சாலையில், பெட்ரோல் பங்க் ரேடியோ.
தரைக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு முரசு,
துண்டு துண்டாய் வெட்டி ஒட்டிய ஒரு பெண்குரல்,
சுற்றுக்கொருமுறை
வல்லூறு இருமுகிறான்.

சிரித்துவிட்டேன்.
சிரித்தபடியே எண்ணினேன்.
பன்னிரண்டில் விழுகிறது.
மறுபடி பன்னிரண்டில்.
அந்தப் பையன் நகர்த்தி வைத்திருப்பான், வேறென்ன,
என்று காரில் ஏறி என் கேசட்டைப் போட்டேன்.

விரல்முட்டி. எட்டு, ஒன்பது,
பத்து. பதினொன்று.
இருமல்.

சுருட்டுப் புகை என்று நினைத்திருந்தேன்,
மலிவு பிராந்தி என்று,
சில நாள் கெட்ட மனத்தோடு
காசநோய் என்றுகூட.
அவன் கிதார்காரனுக்கு வாசல் திறந்து விட்டிருக்கிறான்.
ஒரு இமைப்பொழுதும் தவறாதவன்,
அப்பாவிடம் மட்டும்
'அடுத்த சனிக்கிழமை' என்று
ஒன்பது வருடம் சொல்லியிருக்கிறான்.

மறுபடி கேட்கக் குனிந்தேன்.
பின்னால் நின்ற லாரிக்காரன்
ஹாரன் அடித்தான்,
ஏழில்.
தாளம் தெரியாத பயல்.