ஒளி அளவு

க்ளீவ்லேண்டுக்குத் தெற்கே அந்தப் பள்ளிக்கு
அக்டோபர்தோறும் வருவார் வெண்டல் ஹ்ருஷ்கா,
ஜிம்மில் சாம்பல் திரை மாட்டிப் படமெடுக்க.
முப்பது வருடமாக ஒரே ஒளி அளவு.
விளக்குக் காலில் டேப் ஒட்டிக் குறித்தது.

இணையத்தில் பள்ளியின் மதிப்பெண்
ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருந்தது.
தெருவில் 'விற்பனைக்கு' பலகைகள்
ஒன்றைப் பார்த்து ஒன்று முளைத்தன.
தரம் போச்சு என்றார்கள்.
எந்தத் தரம் என்றால்
வீட்டு விலைக்குத் தாவினார்கள்.
போகிற போக்கில்
பள்ளி வரிக்கு 'வேண்டாம்' என்று குத்திவிட்டும் போனார்கள்.
நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் பூட்டு.

வரிசையில் இப்போது
தமாங், அப்திரஹ்மான், ஓகேச்சுக்வு,
இன்னும் ஒரே ஒரு கோவல்சிக்.

போன வருடப் படங்களில்
பாதி முகங்கள் இருட்டில் விழுந்தன.
ஒரு தாய் உறையைத் திருப்பி அனுப்பியிருந்தாள்,
மேலே பேனாவால்:
இது என் மகள் இல்லை.

இந்த முறை டேப்பை உரித்தார்.
அடியில் பசை கறுத்துக் கிடந்தது.
இரண்டாம் விளக்கைத் தாழ்த்தி, நகர்த்தி,
மறுபடி நகர்த்தி,
ஹோடனை மூன்று தடவை உட்கார வைத்தார்.
கடைசிப் படத்தைத் திரையில் பார்த்து
அவள் தன் புருவத்தைத் தொட்டுக்கொண்டாள்.

பின்னாலிருந்து கோவல்சிக் கத்தினான்:
"சார், பீட்சா தீர்ந்துடும்!"