ஏணி வண்டி

கடைசி விமானம் பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பியது.
மஸ்கட்டோ குவைத்தோ. யாரும் கைதட்டவில்லை.
அப்புறம் ஓடுபாதை விளக்குகளை
மேற்கு முனையிலிருந்து அணைத்துக்கொண்டே வந்தார்கள்,
கல்யாண மண்டபத்தில்
சீரியல் செட்டைக் கழற்றுகிற பையன்களைப் போல.

ஒன்றரைக்கு நாங்கள்.
நம்பர் பிளேட் இல்லாத வண்டிகள் முப்பத்தொன்று:
பெட்டி இழுக்கும் டிராக்டர், தண்ணீர் வண்டி,
கக்கூஸ் வண்டி.
என்னுடையது ஏணி.
பத்தொன்பது வருஷத்தில் அது மீனம்பாக்கம் கேட்டைத் தாண்டியதில்லை.
ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கியதும்
முதல் பள்ளத்தில் எல்லாப் படிகளும்
ஒரே சமயத்தில் பல்லைக் கடித்தன.

பம்மலில் கேபிள் வயர்கள்.
எட்டியப்பன் உச்சியில் நின்று மூங்கில் கழியால்
ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டான்
தேருக்குத் தூக்குவதுபோல.
சாமி இல்லை. நான்தான் இருந்தேன்,
பனியன் நனைந்து.

குன்றத்தூரில்
போலீஸ் ஜீப் தாண்டிவிட எனக்குச் சிவப்பு விழுந்தது.
விமானம் குறுக்கே போனால் நிற்பேன்,
விளக்குக்கு நின்று பழக்கமில்லை.
பிரியாணி அண்டா கழுவிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான்.
"இதுல ஏறினா எங்கண்ணே போவும்?"
"இப்ப எங்கயும் போவாது."
"சும்மா ஏறட்டா?"
ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஏறினான்.
எட்டியப்பன் நகர்ந்து இடம் கொடுத்தான்.
பச்சை விழுவதற்குள் இறங்கி வந்து,
"வெறும் மொட்டைமாடியா தெரியுதுண்ணே,
ஒருத்தன் மட்டும் முழிச்சிருக்கான்" என்றான்.

விடியும்போது புது நிலையம்.
சிமென்ட்டில் இன்னும் ஈர வாடை.
ஓரத்தில் கொக்குகள் வரிசையாக,
தண்ணீர் லாரிக்கு நிற்கிற மாதிரி.
கேட்டில் ஐடி கேட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும்.
சட்டையில் வில்வநாதன் என்றிருந்தது.
"எங்க மோட்டார் ரூம் இருந்த எடம் தாண்டினா
லெஃப்ட் எடுங்கண்ணே" என்றான்.
நான் விழித்ததைப் பார்த்து,
"அதான், அந்த மஞ்சக் கோடு" என்றான்.
எடுத்தேன். ஏணியை
எந்த விமானமும் இல்லாத நிறுத்தத்தில்
எதற்கும் இருக்கட்டும் என்று
சரியான உயரத்துக்கு ஏற்றி வைத்தேன்.

கம்பெனி பஸ்ஸில் பொழிச்சலூர் வந்து சேர மணி பத்தே முக்கால்.
பிலோமினா தோசை ஊற்றியபடி
"உங்க அக்கா போன் பண்ணிச்சு, அந்த நகை விஷயமா"
என்று தொடங்கி
கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினாள்.
அது டெல்லி வண்டி இறங்கும் நேரம்.
இந்த வீட்டில் பாதிச் சண்டைகள்
அந்த நாற்பது நொடியில்தான் ஆறிப்போயின.
நானும் கூரையைப் பார்த்தேன்.
அலமாரியில் டம்ளர்கள்
ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.
தோசை கருகியது.

அக்கா விஷயத்தை அவள் மறுபடி எடுக்கவில்லை.
திருப்பிப் போட்டுக்கொண்டே,
"இனிமே மேல மாடி எடுக்கலாமாமே,
உயரத்துக்குத் தடை இல்லையாம்" என்றாள்.
"எடுக்கலாம்" என்றேன்.
"படி எந்தப் பக்கம் வைக்கறது?" என்றாள்.